இது வறுக்கிற செஸ்நட் இல்லை

போன ஒக்டோபரில் ஒரு ஞாயிறு காலை, பக்கத்துத் தெரு மாமி ஒரு பை நிறையக் கொட்டைகளோடு வாசலில் வந்து நின்றார். ஒவ்வொரு கொட்டையும் எண்ணெய் பூசித் துடைத்ததுபோல மண்ணிறத்தில் பளபளத்தது.

“பிள்ளை, பார்க்கிலை சும்மா கொட்டிக் கிடக்கு. மாரியிலை ஒக்ஸ்போர்ட் ஸ்ட்ரீட்டிலை வறுத்து விக்கிற செஸ்நட்தானே இது? கடையிலை என்ன விலை! இஞ்சை ஒருதரும் பொறுக்கேல்லை, பாரன்.”

“காசு குடுத்து வாங்கிற சாமானை ஏன் மாமி ஒருதரும் பொறுக்காமல் விட்டிருக்கினம்?”

மாமி பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வீட்டில் ஒவனைப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். எத்தனை நிமிடம் வறுக்க வேண்டும் என்று கேட்கத்தான் வந்ததே.

மாமியின் பையில் இருந்தவற்றுக்கு இங்கே கொங்கர் என்று பெயர். அது காய்க்கிற மரம் ஹோர்ஸ் செஸ்நட். வறுத்துத் தின்பது சுவீட் செஸ்நட் என்ற வேறு மரத்தின் கொட்டை. பெயரில் பாதி ஒன்றாக இருப்பதைத் தவிர இரண்டுக்கும் உறவு கிடையாது. சுவீட் செஸ்நட், ஓக், பீச் மரங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஹோர்ஸ் செஸ்நட்டின் குடும்பம் நமக்குத்தான் அதிகம் பழக்கம்: பூந்திக்கொட்டை, முடக்கொத்தான், றம்புட்டான், லிச்சி எல்லாம் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரங்கள். அந்தக் குடும்பத்தில் றம்புட்டானை உரித்துத் தின்னலாம், பூந்திக்கொட்டையால் தலை முழுகலாம். கொங்கர் பூந்திக்கொட்டையின் பக்கத்தைச் சேர்ந்தது. நசுக்கி வெந்நீரில் போட்டால் நுரைக்கும். வயிற்றுக்குள் போனால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும்.

ஊரில் யாரும் நமக்கு அலரியைப் பற்றிக் கட்டுரை எழுதித் தந்ததில்லை. அலரிக்காயைக் கையில் எடுத்தாலே அம்மா தட்டிவிடுவார், அவ்வளவுதான் பாடம். ஆமணக்கு, ஊமத்தை, எருக்கு எல்லாவற்றையும் அப்படித்தான் கற்றோம். இங்கே வந்தபின் மரங்கள் மாறிவிட்டன, தட்டிவிட ஆளில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைக்கு அதன் பாட்டி சொல்லிக் கொடுத்தது நம் பிள்ளைக்குத் தெரியாமல் போகிறது. லண்டன், பேர்மிங்ஹாம், லெஸ்டர் பக்கம் உள்ள எந்தப் பூங்காவுக்குப் போனாலும் இந்த மரம் நிற்கும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மரத்தை அடையாளம் காண ஒக்டோபர் வரை காத்திருக்க வேண்டாம். மாரியில் இலையெல்லாம் உதிர்ந்து மரம் மொட்டையாக நிற்கும்போதே அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கிளை நுனியில் கருஞ்சிவப்பு மொட்டு, பெருவிரல் நுனி அளவுக்குத் தடித்து இருக்கும். தொட்டால் பலாப்பால்போலப் பிசுபிசுக்கும். அதற்குக் கீழே, போன வருடத்து இலைக்காம்பு விழுந்த இடத்தில் ஒரு தழும்பு. அது அப்படியே குதிரை லாடத்தின் வடிவம். ஆணி அடித்த புள்ளிகள்கூட வரிசையாகத் தெரியும். மரத்துக்குக் குதிரையின் பெயர் வந்தது இந்தத் தழும்பால் என்று சிலர் சொல்வார்கள். துருக்கியர் இருமல் கண்ட குதிரைகளுக்கு இந்தக் கொட்டையைக் கொடுத்தார்கள் என்று 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் எழுதிவைத்த கதை இன்னொரு பக்கம். அந்தக் கதையை நம்பி யாரும் குதிரைக்குக் கொடுத்துவிட வேண்டாம். குதிரைக்கும் மாட்டுக்கும்கூட அது நஞ்சு.

ஏப்ரலில் மொட்டு வெடித்து இலை வரும். விரித்த கைபோன்ற இலை: ஒரே காம்பின் நுனியில் ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள், நடுவிரல்போல நடு இலை பெரிது, ஒவ்வொன்றும் நுனிப்பக்கம் அகன்று அடிப்பக்கம் ஒடுங்கியது. மே மாதம் பூக்கும். மரம் முழுக்கக் குத்துவிளக்கு ஏற்றியதுபோல வெள்ளைப் பூங்கொத்துகள் நிமிர்ந்து நிற்கும். கிட்டப்போய் ஒரு பூவைப் பாருங்கள். புதிய பூவின் நடுவில் மஞ்சள் பொட்டு இருக்கும்; நாளாக ஆக அது சிவப்பாக மாறும். மஞ்சள் என்றால் தேன் உண்டு, சிவப்பு என்றால் கடை பூட்டியாயிற்று. தேனீக்கள் இந்தக் கணக்கைச் சரியாகப் படித்துச் சிவப்பை விட்டு மஞ்சளுக்குப் போகும். இந்தப் பூவைக் கூட்டமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் மே மாத நடுவில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்கு எதிரே உள்ள புஷி பூங்காவுக்குப் போகலாம். கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் திட்டமிட்டு 1699இல் நட்ட சாலை, ஏறக்குறைய ஒரு மைல் நீளம், இரு பக்கமும் ஹோர்ஸ் செஸ்நட்.

சுவீட் செஸ்நட் மரத்தில் இந்தக் கை வடிவ இலை கிடையாது. அதன் இலை தனி இலை. நீளமானது, ஓரம் முழுக்க வாள்பல். பூவும் மேயில் வராது. ஜூன், ஜூலையில் இளமஞ்சள் திரிபோலத் தொங்கும், மணம் அவ்வளவு நன்றாக இராது. முதிர்ந்த மரமானால் பட்டை கயிறு முறுக்கினதுபோலச் சுற்றிச் சுற்றி ஏறும்.

இனி மாமி ஏமாந்த இடம், காய். கொங்கரின் ஓடு பச்சை, தடித்தது. அதில் குட்டை முட்கள் அங்கொன்று இங்கொன்று. உள்ளே பெரும்பாலும் ஒரு கொட்டை, சிலசமயம் இரண்டு. கொட்டை உருண்டை, எங்கே தடவினாலும் கூர்மை படாது, ஒரு பக்கத்தில் வெளிறிய பெரிய வட்டம். சுவீட் செஸ்நட்டின் ஓடோ முள்ளம்பன்றிக் குட்டி மாதிரி. ஊசிமுட்கள் நெருங்கி அடர்ந்து, வெறுங்கையால் பிடிக்கவே முடியாது. உள்ளே இரண்டு மூன்று கொட்டைகள் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டிருப்பதால் ஒரு பக்கம் தட்டையாகிப்போயிருக்கும். நுனியில் ஒரு கூர், அந்தக் கூரில் சின்னக் குஞ்சம். கூரும் குஞ்சமும் இல்லாத கொட்டையை அடுப்பின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

மாமியின் பையில் முந்நூறு கொட்டையாவது இருந்திருக்கும். ஒன்றிலும் குஞ்சம் இல்லை.

கொங்கரில் சபோனின் வகைப் பொருட்களும் எஸ்குலின் என்ற நச்சும் உண்டு. கொட்டையில் மட்டுமல்ல, இலை, பட்டை, பூ, மொட்டு எல்லாவற்றிலும். “வறுத்தால் நஞ்சு போய்விடாதோ” என்று மாமி கேட்டார். போகாது. அவித்தாலும் போகாது. இமயமலைப் பக்கம் இதன் இந்தியச் சகோதரி மரம் ஒன்று உண்டு. ஹிமாசலத்தில் கனோர் என்பார்கள். அங்கே மலைவாசிகள் அதன் கொட்டையை உடைத்து, ஓடுகிற தண்ணீரில் நாட்கணக்காக ஊறவைத்துக் கசப்பைக் கழுவித்தான் மாவாக்கித் தின்றார்கள். அது பஞ்சகாலத்துப் பாட்டிமாரின் கைவேலை. யூடியூபில் ஒருவர் செய்துகாட்டினார் என்று சமையலறையில் முயன்று பார்க்கிற காரியம் அல்ல.

ஒன்று இரண்டு தின்றவர்களுக்குப் பெரும்பாலும் வயிற்றோடு முடிந்துவிடும்: குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, வயிற்றோட்டம், தொண்டை எரிச்சல். நிறையத் தின்றால் தசை பலவீனம், தசைத் துடிப்பு, தள்ளாட்டம், மயக்கம் என்று போகலாம். சின்னப் பிள்ளைகள் கடித்தால் கசப்பில் துப்பிவிடுவார்கள் என்பது ஒரு ஆறுதல். ஆனால் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நஞ்சைவிடக் கிட்ட நிற்கிற ஆபத்து, கொங்கர் தொண்டையில் சிக்குவது. அளவு அப்படி.

பிள்ளை தின்றுவிட்டது என்றால் முதலில் வாயில் மிச்சம் இருப்பதை எடுங்கள், வாயைக் கழுவுங்கள். உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உப்பே தனியாக ஆளை வீழ்த்தும். என்.எச்.எஸ். 111 எண்ணை அழையுங்கள். தின்ற கொட்டையில் ஒன்றையும் ஒரு இலையையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், அடையாளம் சொல்ல உதவும். மூச்சுத் திணறல், வலிப்பு, நினைவு தப்புதல் என்றால் 999. ஆங்கிலத்தில் சொல்லத் தயக்கமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். 111இல் தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் இணைத்துத் தருவார்கள், அதற்குக் காசு இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தால் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நாய் வளர்க்கிறவர்கள் இன்னும் கவனம். பந்து என்று நினைத்து நாய் விழுங்கிவிடும். வாந்தி, எச்சில் ஒழுகுதல், வயிற்றைத் தொடவிடாமை ஆகியவை பெரும்பாலும் ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் தெரியும். இரண்டு நாள் கழித்து வருவதும் உண்டு. நஞ்சு ஒருபுறம், முழுக்கொட்டை குடலில் அடைத்துக்கொள்வது மறுபுறம். மிருக வைத்தியரை உடனே அழைக்க வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பிள்ளைகளைக் கொங்கர் பொறுக்கவே விடாதீர்கள் என்று சொல்லவரவில்லை. நூலில் கோத்து ஒன்றோடு ஒன்று மோதி உடைக்கிற விளையாட்டு இந்த நாட்டுக் கிட்டிப்புள். நோர்தாம்ப்டன்ஷயரில் 1965இலிருந்து உலகச் சாம்பியன் போட்டியே நடக்கிறது. 2024இல் ஆண்கள் பிரிவில் வென்றவரின் சட்டைப்பையில் உருக்கில் செய்த கொங்கர் இருந்தது என்று பெரிய கலவரமாகி, விசாரித்து, குற்றம் இல்லை என்று விட்டார்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் கொங்கர் விளையாடச் சட்டம் இடம் தராது என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படி ஒரு சட்டம் இல்லை. சுகாதாரப் பாதுகாப்பு நிர்வாகமே அது கட்டுக்கதை என்று அறிவித்திருக்கிறது. விளையாடட்டும், கை கழுவட்டும். அலுமாரி மூலையில் கொங்கர் வைத்தால் சிலந்தி வராது என்பதையும் நம்ப வேண்டாம். என் வீட்டுச் சிலந்தி அதன் மேலேயே வலை கட்டியது.

மாமி கொட்டையைக் குப்பையில் போட மனமில்லாமல் அடுத்த கேள்விக்கு வந்தார். “அப்ப கால் நரம்புக்கு இதிலைதானே குளிசை செய்யிறாங்கள்?”

செய்கிறார்கள், உண்மைதான். இருபது முப்பது வருடம் கடைக் கவுண்டரிலும் பெற்றோல் ஸ்டேஷனிலும் நின்று வேலை செய்த நம் ஆட்களில் காலில் நாளம் புடைக்காதவர் குறைவு. மாலையானால் கால் கனத்து வீங்கும். ஹோர்ஸ் செஸ்நட் விதையிலிருந்து எஸ்சின் என்ற பொருளைப் பிரித்து அளவு குறித்த சாற்றுக் குளிசையாகச் செய்கிறார்கள். 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் மதிப்பாய்வு ஒன்று 2012இல் வந்தது. இரத்தநாளம் பலவீனமானதால் வரும் கால்வலி, வீக்கத்துக்குக் குறுகிய காலத்துக்கு இது பயன் தருவதாகத் தெரிகிறது, பக்கவிளைவும் பெரிதாக இல்லை என்று அது சொன்னது. ஆனால் அந்த ஆய்வுகள் எல்லாம் தொழிற்சாலையில் சுத்திகரித்த சாற்றைப் பற்றியவை. பார்க்கில் பொறுக்கியதை அரைத்துத் தேனில் குழைத்துத் தின்பது அதே மருந்து ஆகாது. அதில் எஸ்குலின் அப்படியே இருக்கும்.

வாங்குவதானால் பெட்டியில் டி.எச்.ஆர். என்ற முத்திரையும் அதன் கீழ் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். மூலிகை மருந்தைப் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பதிவு செய்ததற்கான அடையாளம் அது. தரமும் பாதுகாப்பும் சரிபார்த்தாயிற்று என்று அதற்கு அர்த்தம்; நோய் குணமாகும் என்று நிரூபித்தாயிற்று என்று அல்ல. ஊரிலிருந்து வந்த போத்தலிலும் இணையத்தில் வாங்கிய போத்தலிலும் அந்த முத்திரை இல்லாவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. வார்பரின் போன்று இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்கள், சலரோகத்துக்கு மருந்து எடுப்பவர்கள், சிறுநீரகம் அல்லது ஈரல் நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் டொக்டரையோ மருந்தாளரையோ கேட்காமல் தொடக்கூடாது. எடுத்து ஏதும் கோளாறு வந்தால் யெல்லோ கார்ட் என்ற திட்டத்தில் நீங்களே முறையிடலாம்; மூலிகை மருந்துக்கும் அது பொருந்தும், டொக்டர்தான் எழுத வேண்டும் என்றில்லை.

இன்னொன்று. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் அது இரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றே டொக்டரைப் பாருங்கள் அல்லது 111ஐ அழையுங்கள். கூடவே நெஞ்சுவலியோ மூச்சு முட்டலோ வந்தால் 999. அந்த நேரத்தில் குளிசை தேடக்கூடாது.

இனி மரம் வீட்டோடு நிற்கிறவர்களின் பிரச்சினை. அது கொட்டையைவிடப் பெரிய தலையிடி.

ஜூலை முடியும்போதே ஹோர்ஸ் செஸ்நட் இலைகள் துருப்பிடித்ததுபோல மண்ணிறமாகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். மரம் சாகிறது என்று பயந்து பலர் வெட்ட ஆள் தேடுகிறார்கள். அது இலைக்குள் சுரங்கம் தோண்டித் தின்கிற ஒரு சின்ன அந்துப்பூச்சியின் வேலை. 1980களின் நடுவில் இன்றைய வட மசிடோனியாவின் ஓஹ்ரிட் ஏரிக்கரையில் முதன்முதலில் கண்டார்கள். பிரிட்டனில் முதலில் தென்பட்டது 2002இல், விம்பிள்டனில். ஆமாம், நம் பிள்ளையார் கோயில் இருக்கிற அதே விம்பிள்டன். அங்கிருந்து நாட்டின் பெரும்பகுதிக்குப் பரவிவிட்டது. பார்க்கச் சகிக்காது, கொங்கரும் சிறுத்துப்போகும், ஆனால் இந்தப் பூச்சியால் மட்டும் மரம் சாவதில்லை. அடுத்த வசந்தத்தில் பச்சையாகத் துளிர்க்கும். பூச்சியின் கூட்டுப்புழு விழுந்த இலைக்குள்தான் மாரியைக் கழிக்கிறது. ஆகவே இலையைக் கூட்டி அள்ளிக் கவுன்சிலின் தோட்டக்கழிவுத் தொட்டியில் போட்டாலே அடுத்த வருடத்துத் தாக்குதல் குறையும். வைத்தியம் அவ்வளவு மலிவு.

அடிமரத்தில் பட்டை வெடித்துக் கறுப்பாகவோ துரு நிறத்திலோ பிசின்போல நீர் கசிந்தால் அது வேறு நோய், பட்டைப் புண். பக்டீரியாவால் வருவது. 2007இல் வனத்துறை பிரிட்டன் முழுக்கப் பார்த்தபோது, பார்த்த மரங்களில் ஏறக்குறையப் பாதியில் இதன் அறிகுறி இருந்தது. புண் அடிமரத்தைச் சுற்றி வளைத்துவிட்டால் மரம் போய்விடும். ஆனால் தானே ஆறித் தேறும் மரங்களும் உண்டு. மருந்து கிடையாது. கசிவைக் கண்டவுடன் வெட்டாமல், மரம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுவதே முறை. பூச்சியும் புண்ணும் சேர்ந்து இந்த மரத்தை எங்கே கொண்டுவந்து விட்டன என்றால், இதன் பூர்வீகமான பால்கன் மலைகள் உட்பட ஐரோப்பாவில் இது அழியும் அபாயமுள்ள மரம் என்று 2019இல் சிவப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

வெட்டுவதற்கு வருவோம். “என்ரை காணியிலை நிக்கிற மரத்தை வெட்ட ஆரைக் கேக்கிறது” என்பது நம் ஆட்களின் வாயில் அடிக்கடி வரும் வசனம். ஊரில் அது சரியாக இருந்திருக்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கவுன்சிலைக் கேட்டேயாக வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, அந்த மரத்துக்கு மரப் பாதுகாப்பு ஆணை இருந்தால். டி.பி.ஓ. என்பார்கள். பெரிய ஹோர்ஸ் செஸ்நட்டுக்கு அது இருக்க நிறையவே வாய்ப்புண்டு. இரண்டு, வீடு கொன்சர்வேஷன் ஏரியா எனப்படும் பாதுகாப்புப் பகுதியில் இருந்தால். அங்கே தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டம் 75 மில்லிமீட்டரைத் தாண்டிய எந்த மரத்தைத் தொடுவதற்கும் ஆறு வாரம் முன்கூட்டி அறிவிக்க வேண்டும். வெட்டி வீழ்த்த மட்டுமல்ல. கிளை நறுக்க, வேர் வெட்டவும்தான். அனுமதியில்லாமல் டி.பி.ஓ. மரத்தை அழித்தால் அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. வெட்டச் சொன்னவர், வெட்டியவர் இருவர்மேலும் வழக்கு வரும். அதே இடத்தில் புதுமரம் வைக்கவும் வேண்டும்.

ஆனால் கேட்பதற்குக் காசில்லை என்பது பலருக்குத் தெரியாது. டி.பி.ஓ. மரத்தில் வேலை செய்ய விண்ணப்பம் இலவசம். பொதுவாக எட்டு வாரத்தில் பதில் வர வேண்டும். மறுத்தால் 28 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கவுன்சில் மறுத்ததால் உங்களுக்கு 500 பவுண்டுக்கு மேல் நட்டம் வந்தால் 12 மாதத்துக்குள் நட்டஈடு கேட்கவும் சட்டத்தில் வழியுண்டு. செத்த மரத்துக்கு விலக்கு உண்டு. ஐந்து வேலைநாள் முன் அறிவித்தால் போதும். உடனடி ஆபத்து என்றால் அந்த ஆபத்தை நீக்கத் தேவையான அளவுக்கு வெட்டலாம், ஆனால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். கூடு கட்டியிருக்கிற பறவைக்கும் பொந்தில் இருக்கிற வௌவாலுக்கும் தனிச்சட்டப் பாதுகாப்பு இருக்கிறது.

எனக்கே நடந்தது ஒன்று. கதவைத் தட்டிய இரண்டு பேர், “உங்கள் மரத்துக்கு நோய், இன்றைக்கே வெட்டினால் பாதி விலை” என்றார்கள். கையில் அறுப்பு வாள், வெளியில் வான். மரத்தில் இருந்தது அந்துப்பூச்சி மட்டும். இலை பழுப்பாவது ஓகஸ்டில் பெரும்பாலான ஹோர்ஸ் செஸ்நட் மரங்களுக்கு நடக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஐம்பது பவுண்டு முற்பணம் கொடுத்துவிட்டேன். வான் அதற்குப் பிறகு வரவில்லை. பின்னால்தான் படித்தேன்: வீட்டு வாசலில் வைத்துச் செய்த இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். அந்த 14 நாளுக்குள்ளேயே வேலையைத் தொடங்கச் சொல்லி நீங்கள் எழுதிக்கொடுத்திருந்தால் செய்த வேலைக்கு மட்டும் காசு கொடுக்க வேண்டிவரும். உரிமை இருக்கிறதுதான், பெயரும் முகவரியும் தராதவனை எங்கே போய் ரத்துச் செய்வது? எழுத்தில் விலை, முகவரி, பொதுப் பொறுப்புக் காப்புறுதிச் சான்று இந்த மூன்றும் இல்லாதவரை ஏணி வைக்கவே விடாதீர்கள். ஏமாந்துவிட்டால் சிட்டிசன்ஸ் அட்வைஸிடம் சொல்லுங்கள்.

அயலவரின் மரம் உங்கள் பக்கம் கிளை நீட்டினால், எல்லைக்கோடு வரை நீங்கள் வெட்டலாம்; அவருடைய அனுமதி தேவையில்லை, அவர் காணிக்குள் கால் வைக்கக் கூடாது. இது 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பிரபுக்கள் சபைத் தீர்ப்பில் நிற்கிற உரிமை. ஆனால் டி.பி.ஓ. இருந்தால் இந்த உரிமையும் கவுன்சிலின் அனுமதிக்குப் பிறகுதான். வெட்டிய கிளையும் அதில் உள்ள காயும் சட்டப்படி அவருடையவை. அதற்காக வேலிக்கு மேலால் வீசிவிடாதீர்கள். அது இன்னொரு சண்டை. முதலில் கேளுங்கள், வேண்டுமா என்று. இலையும் கொங்கரும் உங்கள் முற்றத்தில் கொட்டுவதற்கு நட்டஈடு எதுவும் கிடையாது. கூட்டத்தான் வேண்டும்.

கிளை முறிந்து விழுவது அப்படிச் சின்ன விஷயம் அல்ல. ஹோர்ஸ் செஸ்நட்டின் மரம் மெதுமை, கிளை பாரம். அம்ஸ்டர்டாமில் ஆன் பிராங்க் ஒளிந்திருந்த வீட்டின் ஜன்னலுக்கு எதிரே நின்றதும் ஒரு ஹோர்ஸ் செஸ்நட்தான். 2007இல் நகரசபை வெட்டப்போனதை நீதிமன்றம் வரை சென்று தடுத்து, இரும்புச் சட்டம் கட்டிப் பாதுகாத்தார்கள். 2010 ஓகஸ்ட் 23இல் காற்றில் அது சட்டத்தோடு சேர்ந்தே முறிந்து விழுந்தது. உங்கள் காணியில் நிற்கிற மரத்தைக் கவனிக்கிற பொறுப்பு உங்களுடையது. சட்டம் எதிர்பார்ப்பது சாதாரண ஆள் தன் மரத்தை அவ்வப்போது சுற்றிப் பார்ப்பதை. காய்ந்த கிளை, அடியில் காளான், பொந்து, வெடிப்பு, புதிதாகச் சாய்வு தெரிந்தால் நிபுணரைக் கூப்பிடுவதை. தெரிந்தும் சும்மா இருந்தால் விழுந்த இடத்துச் சேதம் உங்கள் தலையில். வீட்டுக் காப்புறுதியில் இதற்கு இடமிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தெருமரம் என்றால் கவுன்சிலுக்குப் படத்தோடு மின்னஞ்சல் போடுங்கள், தொலைபேசியில் மட்டும் சொல்ல வேண்டாம். கிளை விழுந்து காரை நசுக்கினால் கவுன்சில் தானாகக் காசு தராது. ஆபத்து என்று முன்பே அறிந்திருந்தும் கவனிக்கவில்லை என்று காட்ட வேண்டும். அந்த மின்னஞ்சல் அப்போது கைகொடுக்கும்.

மாமி கடைசியாகக் கேட்டது: “அப்ப உண்மையான செஸ்நட்டைப் பொறுக்கலாமோ?” காட்டில் தானாக வளர்ந்த மரத்துக் காயை, விற்பதற்கு இல்லாமல் வீட்டுத் தேவைக்குப் பொறுக்குவது 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின்படி திருட்டு ஆகாது. ஆனால் ரிச்மண்ட், புஷி, கிரீனிச் போன்ற அரச பூங்காக்களில் அவற்றின் சொந்த விதிப்படி எதையும் பொறுக்க அனுமதியில்லை. ரிச்மண்டிலும் புஷியிலும் அது மான்களின் சாப்பாடு. மாமிக்கு ரிச்மண்ட் பார்க்தான் கிட்ட. முகம் சுருங்கிவிட்டது.

இதை வாசிக்கிற தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். செப்டெம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, கடையில் வாங்கிய நாலு செஸ்நட்டையும் தெருவில் பொறுக்கிய நாலு கொங்கரையும் ஒரு தட்டில் கலந்து வையுங்கள். பிள்ளைகள் குஞ்சத்தைப் பார்த்துப் பிரிக்கட்டும். பிரித்து முடிந்ததும், கூட்டிப்போக வந்து வாசலில் நிற்கிற அம்மம்மா அப்பம்மாக்களை உள்ளே கூப்பிட்டு அவர்களையும் பிரிக்கச் சொல்லுங்கள்.